படைநோயும் வீண்பழியும்: சரும வைத்திய வரலாற்றில் சில பக்கங்கள்

வட்டவளையின் மழையைப் பற்றி இம்மலரைப் படிக்கும் எவருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் எமது ஊரும் ஒன்று. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறதென்பது கணக்கு. தென்மேற்குக் காற்று மலையேறிவிட்டால் நாட்கணக்கில் சூரியனைக் காணமாட்டோம். அந்நாட்களிலும் கொழுந்து பறிக்கும் எமது தாய்மாரும் சகோதரிகளும் பெரட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். இடுப்பிற் கட்டிய படங்கு நனைந்து கனக்க, காலை முதல் மாலை வரை விரல்கள் ஈரத்தில் ஊறுகின்றன. சிலருக்கு விரலிடுக்கு வெடிக்கிறது. தோல் தடித்துச் சிவந்து, நீர் கசிந்து, இரவெல்லாம் தினவெடுக்கிறது. கேட்டால், “ஒன்றுமில்லை, கரப்பான்” என்பார்கள்.

எமது சிறு பிராயத்து நினைவு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாம் வளர்ந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய முழங்கைகளிலும் முழங்கால்களிலும் தலையிலும் சிவந்த தடிப்புகள். அவற்றின்மேல் வெள்ளிப் பொடி தூவியதுபோலச் செதில்கள். உட்கார்ந்து எழுந்த இடத்தில் அவை உதிர்ந்து கிடக்கும். அவருக்கென்று தேத்தண்ணீர்க் கோப்பை ஒன்று கதவோரம் தனியாகத் தொங்கியது. திருவிழாப் பந்தியில் யாரும் சொல்லாமலே அவர் கடைசியில், ஒரு மூலையில் போய் அமர்வார். “அவர் கோப்பையைத் தொடாதே” என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள், நாங்களும் தொடவில்லை. அவருக்கிருந்தது எவரிலும் ஒட்டாத நோய் என்பதைப் பல வருடங்கள் கழித்தே அறிந்தோம். அப்பொழுது அவர் உயிருடன் இல்லை. இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது அந்தக் கோப்பைதான்.

வைத்தியர்கள் இன்று சொரியாசிஸ் என்றும் எக்ஸிமா என்றும் வழங்கும் இவ்விரு நோய்களும் புதியனவல்ல. எமது பாஷையில் இவற்றுக்குப் பெயர்ப் பஞ்சமும் இல்லை. சொறி, சிரங்கு, படை, படர்தாமரை, தேமல், கரப்பான் என்று வெவ்வேறு பெயரிட்டு வழங்கினர் முன்னோர். செதில் உதிரும் படையைச் சித்த வைத்தியர் காளாஞ்சகப்படை என்பர். குழந்தைகளின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் நீர் வடியும் புண்ணைக் கரப்பான் என்று பிரித்து, கருவாடு, கத்தரிக்காய் முதலியவற்றைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கிப் பத்தியம் வைத்தனர். இப்பத்தியத்தில் எல்லாமே சரியென்று நாம் வாதாட வரவில்லை. ஆயினும் சில குழந்தைகளுக்குச் சில உணவுகளால் எக்ஸிமா மிகுவதுண்டென்று இன்றைய வைத்தியமும் ஒப்புக்கொள்கிறது.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த எமது வைத்திய நூல்கள், யூகிமுனிவர் பெயரால் வழங்கும் நூல் உட்பட, தோல் நோய்கள் பலவற்றை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்து குட்டம் பதினெட்டு என்று எண்ணின. வகைப்படுத்துவோருக்கு அது வசதியாக இருந்திருக்கலாம். நோயாளிக்கோ அந்தப் பொதுப்பெயர் பெருந்தீங்காய் முடிந்தது. ஏனெனில் ஊரார் பதினெட்டையும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. குட்டம் என்ற ஒரு சொல்லே அவர்கள் காதில் விழும்.

இந்தக் குழப்பம் எமக்கு மாத்திரம் உரியதென்று எவரும் எண்ணவேண்டாம். ஐரோப்பாவில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. உரோமாபுரியில் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் செதில் உதிரும் இந்நோயை ஒருவாறு வருணித்திருக்கிறார். சோரா என்றால் கிரேக்க பாஷையில் தினவு. சொரியாசிஸ் என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. ஆனால் இடைக்காலத்தில் இந்நோயாளர் பலர் தொழுநோயாளரோடு ஒன்றாக எண்ணப்பட்டு, மணி அடித்துக்கொண்டு ஊருக்குப் புறம்பே திரிய நேர்ந்தது. இலண்டனில் ரொபேர்ட் வில்லன் என்னும் வைத்தியர் 1798 தொடக்கம் 1808 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில் தோல் நோய்களை அவற்றின் தோற்றத்தைக் கொண்டு வரிசைப்படுத்தினார். சொரியாசிஸைத் துலக்கமாக எழுதியவர் அவரே. அப்படியிருந்தும் அதன் ஒரு வகைக்கு லெப்ரா என்ற பழைய பெயரையே அவர் விட்டுவைத்தார். வியன்னா நகரில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா என்பவர் 1841ஆம் ஆண்டில் அந்தச் சொல்லை நீக்கி, சொரியாசிஸ் வேறு, தொழுநோய் வேறு என்று நிலைநாட்டினார். தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நோர்வே தேசத்து ஹான்சன் கண்டது 1873இல்.

ஒரு சொல்லை நீக்குவதில் என்ன இருக்கிறதென்று வாலிப அன்பர்கள் கேட்கலாம். இலங்கையைப் பாருங்கள். கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் வைத்தியசாலை மூன்று நூற்றாண்டு வரலாறு உடையது. 1901ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் அந்நோய் கண்டவரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க அதிகாரம் தந்தது. தோலில் ஒரு படை கண்டால் வீட்டார் அதை மறைப்பதற்கும், அயலார் அதை வெறுப்பதற்கும் இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமோ? பெண் பார்க்க வருவோர் முன் நீளக்கைச் சட்டையோடு நிற்கவைக்கப்பட்ட குமரிகளை மலையகத்திலும் காணலாம், யாழ்ப்பாணத்திலும் காணலாம். தொழுநோய்தானும் இன்று அஞ்சி ஓட வேண்டிய ஒன்றன்று. 1981இல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தினால் அது முற்றாகக் குணமாகிறது.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு ஒரு முக்கிய அடையாளமும் உண்டு. தொழுநோய்த் தழும்பில் பெரும்பாலும் உணர்ச்சி மழுங்கியிருக்கும். சூடும் குத்தும் தெரியாது. சொரியாசிஸில் உணர்ச்சி போவதில்லை. பலருக்குத் தினவும் எரிவும் உண்டு. முடிவு சொல்வது வைத்தியரின் வேலை. கோப்பையைத் தனியாகத் தொங்கவிடும் முன்னர் அவரிடம் ஒருமுறை காட்டலாம் அல்லவா?

இனி மருந்துகளின் கதைக்கு வருவோம். அதில் எமக்கு மிகவும் பிடித்த கதை கோவாப் பொடியின் கதை.

போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவில் ஒரு மஞ்சட் பொடி வழங்கி வந்தது. படர்தாமரைக்கு அது கைகண்ட மருந்து என்று பம்பாய் வரையிலும் பேர் பெற்றிருந்தது. பொடி கோவாவிலிருந்து வந்ததால் கோவாப் பொடி எனப்பட்டது. அது எந்த மரத்திலிருந்து எடுக்கப்படுகிறதென்பது வாங்கியவர்களுக்குத் தெரியாது. கல்கத்தாவில் பணிபுரிந்த வைத்தியர் யோசப் ஃபேரர் 1874இல் அதைப் பற்றி எழுதினார். கடலுக்கு அப்பால், பிரேசில் தேசத்தின் பாகியாவில் வைத்தியராயிருந்த தா சில்வா லீமா அதைப் படித்துவிட்டு, இது எங்கள் காட்டு மரத்துப் பொடியல்லவா என்று அடுத்த ஆண்டில் அறிவித்தார். உண்மை அதுதான். அராரோபா என்னும் மரத்தின் வைரத்திலுள்ள வெடிப்புகளில் சேரும் பொடியைப் போர்த்துக்கேயக் கப்பல்கள் தம் பேரரசின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கொண்டுபோயிருந்தன.

இலண்டனில் பல்மனோ ஸ்குவாயர் என்றொரு சரும வைத்தியர் இருந்தார். அவரிடம் வந்த நோயாளி ஒருவர், தமக்கு வந்திருப்பது படர்தாமரை என்று எண்ணி இந்தப் பொடியைப் பூசிக்கொண்டவர். பூசிய இடத்தில் நோய் மறைந்திருந்தது. ஸ்குவாயர் கவனித்துப் பார்த்தபோது அது படர்தாமரையே அல்ல, சொரியாசிஸ் என்று கண்டார். பிழையான நோய்க்குப் பூசிய மருந்து சரியான நோயைத் தீர்த்துவிட்டது! 1876இல் அவர் இதை வெளியிட்டார். அன்று முதல் அந்தப் பொடியின் சத்தாகிய கிரைசரோபின் ஐரோப்பிய வைத்தியசாலைகளில் இடம் பெற்றது. தோலையும் துணியையும் படுக்கையையும் கறைப்படுத்தும். நல்ல தோலில் பட்டால் எரியும். ஆயினும் பலன் தந்தது.

முதலாம் உலக யுத்தம் வந்தது. பிரேசிலிலிருந்து சரக்கு வருவது தடைப்படவே, ஜெர்மானியர் அதற்குப் பதிலாகத் தொழிற்சாலையில் ஒரு மருந்தைச் செய்தார்கள். கலெவ்ஸ்கியும் உன்னாவும் 1916இல் அறிமுகப்படுத்திய அந்த டித்ரனோல் அதன்பின் பல பத்தாண்டுகள் முக்கிய மருந்தாய் விளங்கியது. 1953இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து இங்ராம், தார் கலந்த நீரில் குளிப்பாட்டி, ஊதாக் கடந்த ஒளியைக் காட்டி, அதன்மேல் டித்ரனோல் பசையைத் தடவும் முறையொன்றை வகுத்தார். கோவாச் சந்தையின் மஞ்சட் பொடி எவ்வளவு தூரம் பிரயாணம் செய்துவிட்டது பாருங்கள்.

இதைப் படித்தபோது எமது ஊர்ப் பாட்டிமார் படைக்கு அரைத்துப் பூசும் சீமை அகத்தி இலை நினைவுக்கு வந்தது. வண்டுகொல்லி என்றும் இதைச் சொல்வார்கள். அவ்விலையில் கிரைசோஃபானிக் அமிலம் இருக்கிறது. ஸ்குவாயர் தமது களிம்பின் சத்தை அழைத்ததும் அதே பெயரால்தான். அது கிரைசரோபின் என்ற வேறு பொருள் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆகவே இரண்டும் உறவினர் எனலாம், ஒன்றல்ல. வண்டுகொல்லி படர்தாமரைக்கு உதவும். அதைக்கொண்டு சொரியாசிஸைத் தீர்க்கலாமென்று எவராவது இக்கட்டுரையைக் காட்டிச் சொன்னால் நாம் பொறுப்பல்ல.

நஞ்சை மருந்தாக்கிய கதையும் உண்டு. தோமஸ் ஃபௌலர் என்ற ஆங்கில வைத்தியர் 1786இல் அறிமுகப்படுத்திய பாஷாணக் கரைசல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சொரியாசிஸ் நோயாளருக்குத் துளித்துளியாகக் கொடுக்கப்பட்டது. தோல் தெளிந்ததும் உண்மை. வருடங்கள் சென்றபின் சிலருக்கு உள்ளங்கை தடித்துப் புற்றுநோய் கண்டதும் உண்மை. பாஷாணமும் இரசமும் எமது வைத்தியத்திலும் உண்டு. முறைப்படி கற்றவர் கையில் அவை வேறு. சந்தையில் துணி விரித்துப் பொட்டலம் விற்பவன் கையில் வேறு. இந்த இரண்டாவது ஆசாமியைப் பற்றி மாத்திரமே நாம் அஞ்சுகிறோம்.

எமது தோட்டங்களில் அக்காலத்தில் என்ன நடந்தது? தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்யவேண்டுமென்று 1872இலேயே சட்டம் பிறந்தது. 1912இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. சட்டத்தின் நோக்கு வாந்திபேதி, அம்மை, கொக்கிப்புழு ஆகிய பெரு நோய்களின்மேல் இருந்தது, அது நியாயமே. தோல் நோய் என்று டிஸ்பென்சரிக்குப் போனவருக்குப் பெரும்பாலும் கிடைத்தது சொறிக்குரிய கந்தகக் களிம்பு. சொறி ஒரு பூச்சியால் வருவது. கந்தகம் அதைக் கொல்லும். ஈரத்தால் வெடித்த கைக்கும் செதில் உதிரும் முழங்காலுக்கும் அதே களிம்பைத் தடவினால் எரிச்சல்தான் மிகும். பெரியோர்கள் சிலர் அந்தக் கந்தக நாற்றத்தை இன்றும் நினைவுகூர்வார்கள்.

இவ்விடத்தில் எமது மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 1946ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலைச் செடியின் இளங்கொழுந்தில் கொப்புள நோய் கண்டது. தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் உடனே அதில் இறங்கியது. செப்பு மருந்து தெளிப்பதெப்படி, எத்தனை நாளுக்கொருமுறை, மழை நாளில் என்ன செய்வது என்றெல்லாம் ஆராய்ந்து வழி கண்டார்கள். அது மெச்சத்தக்க சேவை. அதனால் தேயிலை பிழைத்தது, நாமும் பிழைத்தோம். இலையின் தோலில் எழுந்த கொப்புளத்துக்கு இருந்த அந்த அவசரம், இலையைக் கிள்ளிய விரலின் தோலில் எழுந்த கொப்புளத்துக்கு இருந்ததாக நாம் அறியோம்.

மருந்துகளுள் மிகப் பழையதும் செலவற்றதும் சூரிய ஒளியே. அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் கெக்கர்மன் என்பவர் 1925இல் நிலக்கரித் தாரைப் பூசி, பின்பு ஊதாக் கடந்த ஒளியைப் படவிடும் முறையைச் சொரியாசிஸுக்கு வகுத்தார். எமது நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கார்போகரிசியை எல்லோரும் அறிவர்; குளியல் மாவில் சேர்ப்பார்கள். வெண்படைக்கு அதைப் பூசி வெயிலில் நிற்கச் செய்வது பாரத நாட்டின் மிகப் பழைய முறை. அதிலுள்ள சத்துக்கு மேனாட்டார் அச்செடியின் பெயரைக் கொண்டே சோரலன் என்று பெயரிட்டார்கள். எகிப்து நாட்டில் நைல் நதியோரத்துச் செடியொன்றிலும் இவ்வினத்துச் சத்து உண்டு. கெய்ரோவில் எல் மொஃப்தி 1940களின் பிற்பகுதியில் அதை வெண்படைக்குக் கொடுத்துச் சோதித்தார். 1974இல் அமெரிக்காவின் பொஸ்டனில் பாரிஷ் முதலானோர் சோரலன் மாத்திரையையும் விசேஷ விளக்கொளியையும் சேர்த்துச் சொரியாசிஸுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டார்கள்.

சென்னையில் மத்திய சித்த ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து பேர்பெறச் செய்த வெட்பாலைத் தைலத்தையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைப்பார்கள். அடுப்பில்லை, காய்ச்சுவதில்லை. வெயில் ஏற ஏற எண்ணெய் ஊதா கலந்த செந்நிறம் கொள்ளும். காளாஞ்சகப்படையில் அதைப் பூசிக் காலை வெயில் படவிடுவது முறை. பலருக்குச் செதில் அடங்குகிறது. ஆனால் எமது ஊரார் என்ன செய்வது? வெட்பாலை எண்ணெயைப் போத்தலில் வாங்கலாம். ஆனி ஆடியில் வட்டவளைக்கு வெயிலை எங்கே வாங்குவது? மழைக்காலத்தில் நோய் மிகுந்து, தை மாசியில் தணிகிறதென்று எமது நோயாளர் சொல்வதில் வெறும் கற்பனை இல்லை.

எக்ஸிமாவின் கதை சற்று வேறு. அந்நோய் கண்டவரின் தோல், மழையில் ஒழுகும் கூரையைப் போன்றது. உள்ளே இருக்கவேண்டிய ஈரம் வெளியே போகும். வெளியே இருக்கவேண்டிய எரிச்சற் பொருள் உள்ளே புகும். தோலுக்கு அரண் கட்டும் ஒரு புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவென்பதை ஸ்கொத்லாந்தின் டண்டி நகரத்து ஆராய்ச்சியாளர் 2006இல் காட்டினார்கள். ஓயாமல் ஈரத்தில் வேலை செய்வோருக்கோ பிறவிக் குறை இல்லாமலே அரண் சிதைகிறது. ஆதலால் எக்ஸிமாவுக்கு முதல் மருந்து, கையைத் துடைத்து உலர்த்தி நாளைக்கு இரண்டு மூன்று தடவை எண்ணெய்ப் பசையான களிம்பைத் தடவுவதே. சாதாரண வஸ்லீன் போதும். இவ்வளவு எளிதாயிருப்பதனாலேயே இதை ஒருவரும் மருந்தாக மதிப்பதில்லை.

1952இல் நியூயோர்க்கில் சுல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகோர்ட்டிசோன் களிம்பைத் தோலில் தடவி எக்ஸிமா அடங்குவதைக் காட்டினார்கள். சரும வைத்தியத்தில் அது ஒரு யுகப் புரட்சி. இரவெல்லாம் சொறிந்து அழுத குழந்தைகள் தூங்கின. அதைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள களிம்புகள் தொடர்ந்து வந்தன. வீரியம் கூடியபோது துஷ்பிரயோகமும் கூடியது. பாமசியில் பெயர்கூடக் கேளாமல் ஒரு டியூப் வாங்கி, படர்தாமரைக்கும் அதுவே, முகத்துக் கறுப்புக்கும் அதுவே, குழந்தைக்கும் அதுவே என்று மாதக்கணக்காகத் தடவுவோர் எம்மிடையே பலர். தோல் மெலிந்து கண்ணாடிபோலாகும். படர்தாமரை உருமாறிப் பரவும். சொரியாசிஸ் நோயாளர் இவ்வின மாத்திரையை விழுங்கித் திடீரென நிறுத்தினால், உடல் முழுதும் சிவந்து உயிருக்கே ஆபத்தாகலாம். “மூன்றே நாளில் மாறும்” என்று பெயரெழுதாத டப்பியில் விற்கப்படும் களிம்பைப் பற்றிப் பெரியோர் இளையோரை எச்சரிப்பது நன்று. பெரியோரை இளையோர் எச்சரிக்கவேண்டிய வீடுகளும் உண்டு!

இப்பொழுது, எம் வாலிபர்கள் அவசியம் அறிந்திருக்கவேண்டிய ஒருவரிடம் வருகிறோம். அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். பள்ளிப் பரீட்சையில் மீண்டும் மீண்டும் தவறி, கடைசியில் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். துறவியாகும் எண்ணத்தோடு இராமகிருஷ்ண மடத்தை அணுகினார். வைத்தியம் படித்துச் சேவை செய்யும்படி அங்கே புத்தி சொல்லப்பட்டதென்று அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, சத்திர சிகிச்சைக்கு அணியும் மேலங்கியையும் கதரிலேயே தைத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கெட்டித்தனமாக எழுதியும் அவருக்குக் கிடைத்தது முழுப் பட்டமன்று, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். தராதரமே.

அவருடைய சகோதரர் இருவரைக் குறுகிய கால இடைவெளியில் ஸ்ப்ரூ என்னும் தீராத வயிற்றோட்ட நோய் கொண்டுபோனது. அவரையும் அது பிடித்தது. அவரைக் குணப்படுத்தியவர் சென்னையில் புகழ்பெற்ற ஆயுர்வேத வைத்தியரான ஆசண்ட லக்ஷ்மீபதி. லக்ஷ்மீபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே சுப்பாராவ் சிறிது காலம் உடற்கூறு படிப்பித்தார். பின்பு 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார். அங்கே வயிற்றுப்பாட்டுக்காக வைத்தியசாலையில் இராக்கால ஊழியம் பார்த்துக்கொண்டே படித்து, ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஆராய்ச்சியாளரானார். பல வருடம் உழைத்தும் அங்கே நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940இல் லெடர்லே மருந்துக் கம்பனியின் ஆராய்ச்சிச் சாலைக்குப் போனார்.

அங்கேதான் எல்லாம் நடந்தது. 1945இல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினார்கள். ஸ்ப்ரூ நோய்க்கு மருந்து அது. தம் சகோதரரைக் கொன்ற நோய்க்குரிய மருந்தைத் தம் கையாலேயே அவர் செய்தார். அதன்பின், அந்த அமிலத்தைப் போலவே உருவமைந்து, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் அதே குழு ஆக்கியது. அமினோப்டெரின் ஒன்று, மெதோட்ரெக்சேட் மற்றொன்று. பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் வெளியிட்டார். யானைக்கால் நோய்க்குரிய டைஎதில்கார்பமசின் மருந்தும் சுப்பாராவின் ஆராய்ச்சிச் சாலையிலிருந்தே வந்தது. இலங்கை யானைக்கால் நோயை ஒழித்துவிட்டதென்று 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தபோது அவர் பெயரை எத்தனை பேர் நினைத்தார்களோ தெரியாது.

1948 ஆகஸ்ட் மாதம் சுப்பாராவ் நியூயோர்க்கில் உறக்கத்தில் காலமானார். வயது 53. தம் மருந்து தோல் நோய்க்கு உதவுமென்று அவர் அறிந்திருக்க வழியில்லை. ஏனெனில் அது தெரியவந்தது 1951இல். கப்னர் என்ற வைத்தியர் மூட்டுவாத நோயாளருக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தார். அவர்களுள் ஒருவருக்குச் சொரியாசிஸும் இருந்தது. அவருடைய படை மறைந்துபோயிற்று. கோவாப் பொடியைப் போல இதுவும் வேறெதையோ நாடிப் போய்க் கிடைத்த பேறு. 1958இலிருந்து, ஆபத்துக் குறைந்த மெதோட்ரெக்சேட் அந்த இடத்தைப் பிடித்தது.

அம்மருந்து ஏன் பலித்ததென்று அப்போது சொன்ன காரணம் வருமாறு. சாதாரணத் தோல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் செல்லும். சொரியாசிஸில் நாலைந்து நாளிலேயே மேலே வந்து குவிகிறது. அந்த அவசரப் பெருக்கத்தை மருந்து தடுக்கிறது என்றார்கள். குற்றம் தோலில் மாத்திரம் இல்லை, உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தோலின்மேல் பாய்கிறது என்பது பின்னரே புலப்பட்டது. 1979இல் சைக்ளோஸ்போரின் என்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தினால் படை தெளிந்தது அதற்குச் சான்றாயிற்று. அந்த வழியே போய், 2003 தொடக்கம் ஊசி மூலம் ஏற்றும் புதிய உயிரியல் மருந்துகள் ஒவ்வொன்றாகச் சொரியாசிஸுக்கு வந்தன. எக்ஸிமாவுக்கு அத்தகைய ஊசி 2017இல் வந்தது. அவற்றின் பலன் வியக்கத்தக்கது, விலையும் அவ்வாறே. நாட்சம்பளக்காரருக்கு அவை எட்டாக்கனி.

2014இல் உலக சுகாதார மகாசபை சொரியாசிஸைப் பற்றித் தனியே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தொற்றாத, வலிதரும், உருக்குலைக்கும், முற்றாகத் தீராத நோய் என்று அதை வருணித்து, நோயாளர் படும் அவமதிப்பைப் போக்குமாறு அரசாங்கங்களைக் கேட்டுக்கொண்டது. முற்றாகத் தீராத என்ற சொல் கசப்பானதுதான். இந்நோய்கள் தணியும், மாதங்கள், சில வேளை வருடங்கள் மறைந்திருக்கும், கவலையாலோ தொண்டைப் புண்ணாலோ மீண்டும் தலைகாட்டும். இதை முதலிலேயே சொல்லாத வைத்தியரிடமிருந்து அடுத்த வைத்தியருக்கும், அவரிடமிருந்து கோயில் வாசலில் பொட்டலம் விற்பவனுக்கும் நோயாளி அலைவது இயல்பு. காசும் தீரும், மனமும் தீரும்.

மெதோட்ரெக்சேட் விலை குறைந்த பழைய மருந்து. இலேசான மருந்தன்று. கிழமைக்கு ஒருநாள் மாத்திரமே விழுங்கவேண்டும். தினமும் விழுங்கி உயிரிழந்தோர் உலகில் உண்டு. இடைக்கிடை இரத்தம் சோதிக்கவேண்டும். சாராயமும் கசிப்பும் கூடவே கூடா, ஈரல் கெடும். கருவுற்ற தாய்மாருக்கு அறவே ஆகாது. இவற்றையெல்லாம் சரும நோய் வைத்தியர் சொல்லித்தான் கொடுப்பார்.

அண்மையில் எமக்குத் தெரிந்த கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவர், கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில் தம் மருந்துப் பைகளை எம்மிடம் காட்டினார். இரண்டு பைகள். ஒன்றில் மஞ்சள் மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் என்று எழுதியிருந்தது. மெதோட்ரெக்சேட். அதன் உபத்திரவம் குறைய, மற்றொரு நாளில் விழுங்கும்படி இரண்டாவது பையில் ஃபோலிக் அமிலம். திருவல்லிக்கேணியிற் படித்த அந்தக் கதர்ச்சட்டை மாணவனின் ஆராய்ச்சிச் சாலையில் பிறந்தவை இரண்டும். நாம் அக்கதையைச் சொன்னோம். அவர் பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மழை பிடிக்குமுன் வீடு சேரவேண்டுமென்று, அவற்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு புறப்பட்டார்.